ஈட்டி ஒடியாமல் பேஸ் மாற்றுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

பொம்மைப் படைகளை வைத்துப் பழங்காலப் போர்களை மேஜையில் விளையாடுவது பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரோமானியர்களைப் பற்றித்தான். நான் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்து பதில் எழுதுகிறேன். கேம்ஸ் வொர்க்‌ஷாப், வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் என்ற பொம்மைப் படைக் கம்பெனிகள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள்தான். இங்கே குடியிருந்துகொண்டு இந்த நோய் தொற்றாமல் தப்பிப்பது கஷ்டம். பல் கட்டும் லேபில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பெயின்ட் மேஜையில் இருக்கும் கருவிகளில் பாதி லேபில் இருந்து வந்தவை. பதில்களில் அந்த வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: லண்டனில் இருந்து திரும்பிய உறவினர் ஒருவர் பழைய 15 மி.மீ. உயர ஈய ரோமானியப் படை ஒன்றைக் கொடுத்தார். நாலு நாலு பேராக அட்டையில் ஒட்டி, மேலே பச்சைத் தூள் தூவியிருக்கிறது. அட்டைகள் 40 மி.மீ. அகலம். நான் விளையாட நினைக்கும் விதிநூலில் 80 மி.மீ. பேஸ் (பொம்மைகளை ஒட்டும் அடித்தட்டு) கேட்கிறார்கள். எல்லாவற்றையும் பிய்த்து எடுக்க வேண்டுமா சார்?

வேண்டாம். இரண்டு 40 சேர்ந்தால் 80. இரண்டு பேஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் உங்கள் விதிநூலுக்குத் தேவையான அகலம் கிடைத்துவிடும்.

இந்த 40 மி.மீ. எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பேஸ் மாற்றும் ஆசை பாதி அடங்கும். 1969இல் இங்கிலாந்தில் தொடங்கிய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் வெளியிட்ட விதிநூல்கள் வழியாக நிலைத்த அளவு அது. 15 மி.மீ. பொம்மைகளுக்கு 40 மி.மீ. முகப்பு, 25 அல்லது 28 மி.மீ. பொம்மைகளுக்கு 60 மி.மீ. முகப்பு. 1990இல் வந்த டிபிஏ என்ற விதிநூல் இந்த அளவைப் பல நாடுகளுக்கும் கொண்டுபோனது. நெருக்கி நிற்கும் லெஜியன் (ரோமானியப் பெரும்படைப் பிரிவு) வீரர்கள் என்றால் 40க்கு 15 மி.மீ. பேஸில் நாலு பேர். குதிரைப்படை 40க்கு 30இல் மூன்று குதிரை. சில்லறைச் சண்டைக்காரர்கள் 40க்கு 20இல் இரண்டு பேர். யானை வைத்திருந்தால் அதற்கு 40க்கு 40. பின்னால் வந்த விதிநூல்கள் பலவும் இந்த அளவை அப்படியே ஏற்றுக்கொண்டன, இல்லாவிட்டால் இதன் மடங்கை எடுத்துக்கொண்டன. எல்லோர் வீட்டிலும் 40 மி.மீ. படைகள் இருக்கும்போது வேறு அளவு கேட்டால் யார் புத்தகம் வாங்குவார்கள்?

அதனால் உங்களுக்கு வேண்டியது ட்ரே மட்டும். 2 மி.மீ. எம்டிஎஃப் பலகையை 80 மி.மீ. அகலத்துக்கு வெட்டுங்கள். மேலே ஃபிரிட்ஜ் காந்தத்துக்குப் பயன்படும் மெல்லிய காந்த ஷீட்டை ஒட்டுங்கள். பொம்மை பேஸின் அடியில் மெல்லிய தகரம். ட்ரேயின் ஓரத்தில் மண்ணும் புல்லும் ஒட்டி, பேஸின் நிறத்துக்கு ஒத்துப்போகச் செய்துவிட்டால் மூன்றடி தூரத்தில் இருந்து இணைப்பு தெரியாது. நாளை வேறு விதிநூலுக்குத் தாவினால் ட்ரே மட்டும்தான் வீண். எங்கள் கிளப்பில் ஒருவர் புது விதிநூல் வரும்போதெல்லாம் முழுப் படையையும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். அவருடைய படை விளையாடியதை விடத் தண்ணீரில் ஊறியதுதான் அதிகம்.

சரி, அட்டை வளைந்துவிட்டது, மூலை பிரிந்து நிற்கிறது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் எந்தப் பசை என்று பாருங்கள். ஒரே ஒரு பேஸை எடுத்துச் சோதியுங்கள். முழுப் படையில் கை வைக்காதீர்கள். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை என்றால் தட்டையான தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரை அட்டை மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, சில மணி நேரம் விடுங்கள். அட்டை ஊதிப் பிரிந்துவிடும், பச்சைத் தூளும் சேறாகக் கழன்றுவிடும். பொம்மையின் காலடியில் இருக்கும் ஈயத் தட்டுக்கும் அட்டைக்கும் நடுவில் மெல்லிய கத்தியைப் படுக்கை வாட்டில் நுழைத்து நெம்புங்கள். ஈட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள், கணுக்காலையும் திருகாதீர்கள். 15 மி.மீ. ஈய பொம்மையில் முதலில் முறிவது கணுக்கால்தான்.

ஃபெவிக்விக் வகைப் பசை என்றால் தண்ணீருக்கு மசியாது. பாலித்தீன் பையில் போட்டு ஒரு இரவு ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் அந்தப் பசை மொறுமொறுப்பாகிவிடும். வெளியே எடுத்த உடனே நெம்பினால் டிக் என்று விட்டுவிடும். எபாக்ஸி போட்டிருந்தால் போராடாதீர்கள், அட்டையைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தோடு புது பேஸில் ஒட்டுங்கள். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம். அது பசையைக் கரைக்கும், கூடவே யாரோ உட்கார்ந்து தீட்டிய பெயின்ட்டையும் கரைக்கும். பிளாஸ்டிக் பொம்மை என்றால் பொம்மையே கரைந்துவிடும்.

ஒன்று முக்கியம். பழைய பொம்மைகளில் ஈயம் நிறைய. உப்புத்தாளால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். ராவ வேண்டியிருந்தால் ஈரமாக ராவுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். எந்த பொம்மையிலாவது வெள்ளையாக மாவு பூத்திருந்தால் அது ஈயம் அரிக்கும் நோய். ஓக் மாதிரிச் சில மரங்களில் செய்த அலமாரியில் இருந்து வரும் அமிலக் காற்று இதைக் கிளப்பிவிடும். அந்த பொம்மையைத் தனியே பிரித்து, அலமாரியையும் மாற்றிவிடுங்கள்.

கழற்றும்போது ஈட்டிகள் ஒடிந்திருந்தால், ஒடிந்தவையாக இருக்கட்டும் என்று விடாதீர்கள். கையால் சுற்றும் சின்ன டிரில்லில் 0.5 மி.மீ. துளை போட்டு, உள்ளங்கைக்குள் எஃகுக் கம்பியைச் செருகுங்கள். நான் பல்லுக்கு க்ளிப் போடும் கம்பியைப் பயன்படுத்துகிறேன். வளையாது, துருப்பிடிக்காது. ஆனால் நுனி குத்தும். விளையாடும்போது எதிராளி தன் குதிரைப்படையை நகர்த்தக் கையை நீட்டினால் சத்தம் போடுவார்.

சிங்கப்பூர் வாசகி: சினிமாவில் ரோமானியர் எல்லோரும் சிவப்பு உடைதான். என் மகனுக்கு 28 மி.மீ. பிளாஸ்டிக் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். அவன் வெள்ளை அடிக்கிறான். யார் சரி?

இருவருமே. உங்கள் மகனுக்கு என் வாழ்த்து.

லெஜியன் வீரனின் அங்கி என்ன நிறம் என்று எழுதி வைத்துவிட்டுப் போன ரோமானியர் யாரும் இல்லை. நமக்குக் கிடைப்பது துண்டு துக்கடா ஆதாரம். சிரியாவில் யூப்ரட்டீஸ் கரையில் இருந்த டூரா யூரோப்பஸ் கோட்டையின் சுவரோவியம் ஒன்றில், ஜூலியஸ் டெரன்டியஸ் என்ற அதிகாரி தன் ஆட்களுடன் பூஜை செய்கிறார்; அவர்கள் அங்கி வெள்ளை. அது கி.பி. 3ஆம் நூற்றாண்டு. மற்ற ஓவியங்களில் சிவப்பும் வருகிறது. சாயம் போடாத கம்பளியின் மங்கிய வெள்ளை, மஞ்சிட்டி வேரில் இருந்து எடுத்த சிவப்பு, இரண்டுமே மலிவாகக் கிடைத்தவை. ஒரு லெஜியன் முழுக்க ஒரே நிறத்தில் இருந்ததா, செஞ்சுரியன் என்ற அதிகாரிக்கு ஒரு நிறம் சிப்பாய்க்கு ஒரு நிறமா என்று இங்கே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதுவரை மேஜையில் நமக்குச் சுதந்திரம்.

ஆனால் சிவப்பு அடிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டிலில் இருந்து வருகிற பளீர்ச் சிவப்பை அப்படியே அடிக்காதீர்கள். வேர்ச் சாயம் போட்ட கம்பளி வெயிலிலும் மழையிலும் பல மாதம் கிடந்தால் செங்கல், துரு, பழைய ரோஜா என்று ஆளுக்கு ஆள் மாறும். மூன்று சிவப்புக் கலவை செய்து வைத்துக்கொண்டு, ஒரே யூனிட்டில் கலந்து அடித்துப் பாருங்கள். மேஜையில் வைத்ததும் வித்தியாசம் தெரியும். வெள்ளை அடிக்கும் மகனுக்கும் இதுவேதான்: சுத்த வெள்ளையைக் கடைசியில் துணியின் மடிப்பு மேட்டில் மட்டும் தொட்டு வைக்கட்டும், அடியில் தந்த நிறமும் லேசான சாம்பலும் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம் கேடயம். தூரத்தில் இருந்து பார்க்கும் கண்ணுக்கு ரோமானியப் படை என்பது கேடயங்களின் வரிசைதான். முகத்தில் புருவம் வரைய ஒரு மணி நேரம் செலவழிக்கிறவர்கள் கேடயத்தில் பத்து நிமிடத்தில் கையைக் கழுவிவிடுகிறார்கள். அது தலைகீழ்.

முழுசாகக் கிடைத்திருக்கும் நீள்சதுர, வளைந்த ரோமானியக் கேடயம் ஒன்றே ஒன்று. அதே டூரா யூரோப்பஸில் 1930களில் தோண்டியபோது கிடைத்தது. இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 105 செ.மீ., சிவப்புத் தரை, அதன்மேல் கழுகு, வெற்றித் தேவதைகள், சிங்கம். கி.பி. 256 வாக்கில் பாரசீகர் அந்தக் கோட்டையைப் பிடித்தபோது மண்ணுக்குள் போனதால் மரமும் பெயின்ட்டும் தப்பித்தன. ரோமில் இருக்கும் டிராஜன் தூணில் (கி.பி. 113) சிறகும் மின்னலும் செதுக்கிய கேடயங்கள் வரிசையாக வருகின்றன, ஆனால் கல்லில் இருந்த பெயின்ட் போய்விட்டது. அந்தச் சிறகு மின்னல் வடிவத்தைத்தான் இன்று எல்லா டிரான்ஸ்ஃபர் ஷீட்டுகளும் (கேடயத்தில் ஒட்டும் அச்சுப்படத் தாள்கள்) சிவப்பில் மஞ்சளாக விற்கின்றன. நீலத்தில் அடித்தாலும் யாரும் தப்பு என்று நிரூபிக்க முடியாது.

ஒரு யூனிட்டுக்குள் ஒரே சின்னம் என்பதற்கு மட்டும் நல்ல ஆதாரம் இருக்கிறது. வெஜிடியஸ் என்ற பிற்காலத்து எழுத்தாளர், ஒவ்வொரு கோஹார்ட்டுக்கும் (லெஜியனின் உட்பிரிவு) கேடயத்தில் தனித்தனிச் சின்னம் வரைந்தார்கள், சிப்பாயின் பெயரையும் கேடயத்தில் எழுதினார்கள் என்கிறார். இன்னும் சுவையான சாட்சி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ். கி.பி. 69இல் இத்தாலியில் கிரெமோனா பக்கம் ரோமானியரும் ரோமானியரும் இரவில் மோதிக்கொண்டபோது, இரண்டு வீரர்கள் செத்துக் கிடந்த எதிரிகளின் கேடயங்களை எடுத்துக்கொண்டு எதிரி வரிசைக்குள் நுழைந்து, பெரிய கல்லெறி இயந்திரத்தின் கயிறுகளை அறுத்துவிட்டார்களாம். உயிர் தப்பவில்லை. கேடயத்தைப் பார்த்துத்தான் நம்மாள், வேற்றாள் என்று அடையாளம் கண்டார்கள் என்பது இதில் இருந்து தெரிகிறது. இரண்டு லெஜியன் வைத்திருப்பவர்கள் இரண்டுக்கும் வேறு வேறு சின்னம் போடுங்கள். உள்நாட்டுப் போரும் விளையாடலாம்.

டிரான்ஸ்ஃபர் ஒட்டும்போது அடியில் வெள்ளை இருந்தால்தான் நிறம் எடுக்கும். கேடயத்தை பொம்மையில் ஒட்டுவதற்கு முன்பே டிரான்ஸ்ஃபரை ஒட்டிவிடுங்கள். நடுவில் குமிழுக்கான துளையை முதலிலேயே வெட்டி, வெறுமையாக வைத்து அளவு பாருங்கள். ஒட்டிய பிறகு ஓரத்தைப் பித்தளை நிறத்தில் சுற்றி, பெயின்ட் கீறல் மாதிரி அங்கங்கே இரண்டு கோடு இழுத்து, கீழ்ப்பகுதியில் கொஞ்சம் சேறு தொட்டு வையுங்கள். டிரான்ஸ்ஃபர் என்று யாருக்கும் தெரியாது.

கொடி வேண்டுமா? ரோமானிய வெக்ஸில்லம் கொடி ஒன்று எகிப்து மணலில் தப்பிப் பிழைத்து மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிவப்பு லினன் துணி, நடுவில் பொன்னிறத்தில் வெற்றித் தேவதை, கீழே குஞ்சம். இந்த ஒரு இடத்தில் சினிமா சிவப்புக்கு முழு மதிப்பெண்.

லெஸ்டரில் இருந்து, "பெயர் போடாதீர்கள்" என்று எழுதிய வாசகி: என் வீட்டுக்காரர் இரவு ஒரு மணி வரை சாப்பாட்டு மேஜையில் ரோமானியர்களோடு இருக்கிறார். இது எப்போது முடியும் அண்ணா?

ரோமானியர் முடிந்ததும் கார்த்தேஜ் படை ஆரம்பிப்பார் தங்கச்சி. எதிரி இல்லாமல் போர் நடக்காதே.

சீக்கிரம் முடிக்க ஒரு வழி அவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொருவராக முடிக்கிற ஆளாக இருந்தால் அதுதான் தாமதத்துக்குக் காரணம். பன்னிரண்டு பேரை ஐஸ்க்ரீம் குச்சியில் தற்காலிகமாக ஒட்டி, ஒரு நிறத்தை எல்லோருக்கும் அடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். கவசம் நிறைய இருக்கும் ரோமானியருக்கு வெள்ளி நிற ஸ்ப்ரேயையே முதல் கோட்டாக அடித்துவிடலாம். பிறகு தோல், துணி, முகம், மரம் என்று நாலைந்து நிறம், மேலே பழுப்பு வாஷ் (நீர்க்கக் கலந்த பெயின்ட்) ஒரு கோட். வாஷ் பள்ளத்தில் தேங்கி நிழலைத் தானே போட்டுவிடும். காய்ந்ததும் துணியின் மேடுகளில் பழைய நிறத்தை ஒருமுறை தொட்டால் போதும். 2019இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்த கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்ட்டுகள் நிறத்தையும் நிழலையும் ஒரே கோட்டில் போடுகின்றன. துணிக்கும் தோலுக்கும் அருமை, கேடயம் மாதிரி வழவழப்பான பரப்பில் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கும்.

சாப்பாட்டு மேஜை விஷயத்தில் நான் உங்கள் பக்கம். சாப்பிடும் இடத்தில் பெயின்ட்டும் ஈயமும் வேண்டாம்.

சென்னை, வேளச்சேரி வாசகர்: ப்ரைமர் ஸ்ப்ரே அடித்தால் மேலே மணல் தூவியது மாதிரி சொரசொரப்பு. கடைசியில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் படை முழுக்கப் பனி மூடியது போல வெளுத்துவிட்டது. டப்பா கெட்டுப்போனதா?

டப்பா மேல் பழி போடாதீர்கள். வெளுப்பு காற்றின் ஈரப்பதத்தால் வருவது. சொரசொரப்பு, பெயின்ட் துளி பொம்மையைத் தொடுவதற்கு முன்பே காற்றில் பாதி காய்ந்துவிடுவதால் வருவது. வெயில் காலத்தில் தள்ளி நின்று அடித்தால் அப்படித்தான் ஆகும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, ஒரு ஜாண் தூரத்தில் இருந்து, சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். மழைக்காலத்தில் ஸ்ப்ரேயைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் ஊருக்கு நான் சொல்வது பிரஷ்ஷால் அடிக்கும் ப்ரைமர், பிரஷ்ஷால் அடிக்கும் அக்ரிலிக் வார்னிஷ். நேரம் கொஞ்சம் கூடும், நிம்மதியும் கூடும். வெளுத்துப் போன படையைத் தூக்கிப் போடாதீர்கள்: ஒரு பொம்மையில் மட்டும் பளபளப்பு வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷால் அடித்துப் பாருங்கள். பல நேரம் வெளுப்பு மறைந்துவிடும். அப்புறம் அதன்மேல் மேட் வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பெயின்ட் அடித்தால் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடும். மூடி போட்ட டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர், பேப்பரின் மேல் பெயின்ட். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும்.

டொராண்டோ மாணவர்: கார்த்தேஜ் தளபதி ஹானிபல் காலத்து ரோமானியப் படை கட்டுகிறேன். ஹஸ்டாட்டி, பிரின்சிபெஸ், டிரியாரி என்று மூன்று வரிசை. பெயின்ட்டிலும் பேஸிலும் எப்படி வேறுபடுத்துவது?

கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸைப் படி தம்பி. அவர் கொடுக்கும் கணக்கு, 4,200 பேர் கொண்ட லெஜியனில் வெலைட்ஸ் என்ற இலகுப் படையினர் 1,200, ஹஸ்டாட்டி 1,200, பிரின்சிபெஸ் 1,200, டிரியாரி 600. அதாவது கனரகக் காலாட்படையில் இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று. நாலு பேஸ் ஹஸ்டாட்டி என்றால் நாலு பேஸ் பிரின்சிபெஸ், இரண்டு பேஸ் டிரியாரி. டிபிஏ மாதிரி 12 பேஸ் படையில் இதைச் சுருக்கி, முன்னிரண்டு வரிசைக்கும் சேர்த்து 6, டிரியாரி 2, வெலைட்ஸ் 2, தளபதியோடு சேர்த்து குதிரைப்படை 2 என்று வைப்பார்கள்.

உடையில் வேறுபாடு பணத்தால் வந்தது. சாதாரண வீரனுக்கு நெஞ்சில் ஒரு சாண் சதுர வெண்கலத் தகடு. பத்தாயிரம் டிராக்மாவுக்கு மேல் சொத்து மதிப்பு உள்ளவன் வளையக் கவசம் போட்டான். ஆகவே வாலிபர்களான ஹஸ்டாட்டியில் நெஞ்சுத் தகடு அதிகமாகவும், டிரியாரியில் வளையக் கவசம் அதிகமாகவும் கலந்து வை. தலைக்கவசத்தில் ஏறக்குறைய ஒரு முழ உயரத்துக்கு மூன்று இறகு, ஊதா அல்லது கறுப்பு. டிரியாரி கையில் எறியீட்டி கிடையாது, நீளமான குத்தீட்டி. சிலர் முகத்தில் நரைத்த தாடி வரைந்தால் போதும், யார் கிழவர் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் தெரியும். வெலைட்ஸ் சிலர் தலைக்கவசத்தின்மேல் ஓநாய்த் தோல் போட்டார்கள், அதிகாரி யார் நன்றாகச் சண்டை போடுகிறான் என்று அடையாளம் காண. சாம்பல், பழுப்பு, கொஞ்சம் வெள்ளை கலந்து உலர்பிரஷ் (பெயின்ட்டைத் துடைத்த பிரஷ்) அடி.

ஒரு பெரிய பேஸில் மூன்று வரிசையையும் ஒட்டிவிடலாமா என்று உன் கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறாய். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் செய்யாதே. கி.மு. 202இல் ஸாமாவில் ரோமானியத் தளபதி ஸ்கிபியோ சிறு படைப்பிரிவுகளை வழக்கம்போல மாற்றி மாற்றி நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நடுவில் நேர்ச் சந்துகளை விட்டார். சந்துகளில் வெலைட்ஸ். ஹானிபலின் யானைகளில் பல அந்தச் சந்து வழியாகவே வெளியேறிவிட்டன. தனித்தனி 40 மி.மீ. பேஸ் இருந்தால் அந்தச் சந்தை நீயும் திறக்கலாம். மூன்று வரிசையையும் ஒரே பலகையில் ஒட்டியவன் யானைக்கு வழிவிட முடியாமல் விழிப்பான்.

பெனாங் வாசகர்: பேஸுக்கு எந்தப் புல் நல்லது?

ரோமானியருக்குப் புல்லே குறைவாகப் போடுங்கள். இந்த ஊர்க் கண்காட்சிகளில், நியூவார்க்கில் நடக்கும் பார்ட்டிசன் ஆகட்டும், லண்டன் சல்யூட் ஆகட்டும், ஆஃப்ரிக்காவிலும் சிரியாவிலும் சண்டை போடும் படைகள் இங்கிலாந்துப் புல்வெளியில் நிற்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கன்னே போர் ஆகஸ்ட் 2, பார்சலஸ் போர் ஆகஸ்ட் 9. மத்தியதரைக்கடல் ஆகஸ்டில் என்ன பச்சை? தூசி, வைக்கோல் நிறப் புல், வெளுத்த கல்.

என் முறை எளிது. பேஸ்மேல் வெள்ளைப் பசை, அதில் சலித்த ஆற்று மணலும் கொஞ்சம் பெரிய கற்களும். பொம்மையின் காலடித் தட்டு ஒரு படி மாதிரித் தனியே தெரியாதபடி முதலிலேயே சுற்றிலும் மக்கு பூசிச் சமமாக்கிவிடுங்கள். பல்லுக்கு மெழுகு செதுக்கும் கத்தி இதற்கென்றே செய்தது போல இருக்கும். காய்ந்ததும் அடர்பழுப்பு, அதன்மேல் உலர்பிரஷ்ஷில் இளம்பழுப்பு, கடைசியில் தந்த நிறம் பட்டும் படாமலும். வெளுத்த புல்கொத்து பேஸுக்கு ஒன்றோ இரண்டோ. பேஸின் ஓரம் முழுப் படைக்கும் ஒரே பழுப்பு. கறுப்பு ஓரம் வேண்டாம், மேஜையில் ஒவ்வொரு பேஸையும் சட்டம் போட்டுத் தனியே காட்டும்.

கி.பி. 9இல் ரோமானியத் தளபதி வாருஸ் மூன்று லெஜியன்களைத் தொலைத்த டியூட்டோபர்க் காடு மாதிரி ஜெர்மானியக் களம் என்றால் மட்டும் கறுத்த மண், பாசி, உதிர்ந்த இலை. இலைக்கு இங்கே பிர்ச் மரத்தின் விதைச்சரத்தை உதிர்த்துத் தூவுவோம்; அந்தச் செதில்கள் குட்டி இலை வடிவிலேயே இருக்கும். டீத்தூள் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். உங்கள் ஊர் ஈரத்தில் நன்றாக வறுக்காத டீத்தூள் பூசணம் பிடித்து, லெஜியனுக்கு வெள்ளைத் தாடி முளைக்கும்.

எதிரிப் படைக்கும் இதே பேஸ் போடுங்கள். ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் கிரிக்கெட் மைதானமாக இருந்தால் எவ்வளவு நல்ல பெயின்ட்டும் எடுபடாது.

மதுரை தமிழாசிரியர்: முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் வருகிறார்களே. ரோமானிய பொம்மைகளை வைத்து அவர்களைச் செய்யலாமா?

செய்யலாம் ஐயா, நல்ல யோசனை. ஆனால் லெஜியன் பெட்டியை வாங்காதீர்கள். பாட்டு காட்டும் யவனர் சட்டை அணிந்தவர்கள், சாட்டை சுற்றிய இறுக்கமான உடைக்காரர்கள், அச்சம் தரும் தோற்றமும் வலுவான உடலும் கொண்டவர்கள், அரசனின் கூடாரத்தில் விளக்கேற்றி வைப்பவர்கள். பட்டைக் கவசமோ நீள்சதுரக் கேடயமோ அதில் இல்லை. நீளக்கை அங்கி போட்ட, தலைக்கவசம் இல்லாத கிரேக்க அல்லது கிழக்குத் தேச பொம்மைகளைத் தேடுங்கள். ஈட்டியை வெட்டிவிட்டு மெல்லிய செம்புக் கம்பியைச் சுருட்டிச் சாட்டையாக வையுங்கள். அவர்கள் போர்வரிசையில் நிற்பவர்கள் அல்ல என்பதால் 40 மி.மீ. கணக்கு தேவையில்லை, பாசறை பேஸில், கூடாரத்து வாசலில் இரண்டு பேர் போதும்.

கோலாலம்பூர் வாசகர்: இப்போதுதான் ரெசின் 3டி பிரிண்டர் வந்துவிட்டதே. ஒரு லெஜியனையே அப்படியே அச்சடித்துவிடலாமா?

அச்சடிக்கலாம். சாதாரண ரெசின் கண்ணாடி மாதிரி உடையும், மெல்லிய ஈட்டி முதல் ஆட்டத்திலேயே போய்விடும். வளையும் ரெசினைக் கொஞ்சம் கலந்து அச்சடியுங்கள், இல்லை ஈட்டியை மட்டும் கம்பியில் வையுங்கள். கெட்டியாகாத ரெசினைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஃபைலில் வட்ட பேஸ் சேர்ந்தே வந்தால் அச்சடிப்பதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். பிறகு அறுப்பது நரகம்.

"ஒரு லெஜியனையே" என்று சொல்கிறீர்கள், கணக்குப் பார்ப்போம். 10 கோஹார்ட், கோஹார்ட்டுக்கு 480 பேர் என்று வைத்தால் 4,800 பேர். பேஸுக்கு நாலு பேராக 1,200 பேஸ். 40 மி.மீ. வீதம் ஒரே வரிசையில் நிறுத்தினால் 48 மீட்டர். அவ்வளவு நீளத்துக்கு மேஜை கிடைத்ததும் கடிதம் போடுங்கள், எதிரிப் படையோடு நான் வருகிறேன்.